பிள்ளைகளின் கேள்வியும் புனேயின் புத்தகங்களும்

குழந்தைக்குக் கதைப் புத்தகம் வாங்குவதில் பெரியவர்களுக்கு அதிக சிரமம் நேர்வதில்லை. இரண்டு பக்கம் வாசித்துக் காட்டினால், குழந்தை மேலே என்ன என்று கேட்கிறதா, எழுந்து ஓடுகிறதா என்பதே தீர்ப்பாகிவிடும். ஆனால் நட்சத்திரங்களைப் பற்றியோ, கோட்டைகளைப் பற்றியோ, எறும்பின் வாழ்க்கையைப் பற்றியோ உள்ளதை உள்ளபடி கூறும் நூலைத் தேர்ந்தெடுக்க நேரும்போது, குழந்தையின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நம்முடைய அபிலாஷைகளையே பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். இதைப் படித்தால் பரீட்சையில் தேறுவான், இதைப் படித்தால் நல்லொழுக்கம் உண்டாகும், இது எல்லாப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டிய விஷயம் என்றெல்லாம் நாமே முடிவுசெய்துகொண்டு வாங்கும் புத்தகங்கள்தாம், வருஷக்கணக்கில் மடிப்புக் கலையாமல் அலமாரியில் நின்றுகொண்டிருக்கின்றன.

இந்த விஷயத்தில் புனே நகரத்தின் அநுபவம் நமக்கு மிகவும் பயன்படக்கூடியது. மராத்திய ராஜ்யத்தை நிர்வகித்த பேஷ்வாக்களின் தலைநகராயிருந்து, பின்பு கல்லூரிகளுக்கும் அச்சகங்களுக்கும் ஆராய்ச்சி ஸ்தாபனங்களுக்கும் பெயர்பெற்று, இன்றும் பள்ளிக்கூடம் திறக்கும் நாட்களில் அப்பா பல்வந்த் சௌக்கின் புத்தகக் கடைகளில் பெற்றோரும் பிள்ளைகளும் நெருக்கியடித்து நிற்கும் அந்த ஊரில், பிள்ளைகள் எதைப் படிக்கலாம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு விதமாக விடை கூறியிருக்கிறது. தேர்ந்தெடுக்கும் உரிமை முதலில் அரசாங்கத்திடமும், பிறகு பண்டிதர் குழுவிடமும், பிறகு பத்திராசிரியர்களிடமும் இருந்து, கடைசியில் மெல்ல மெல்லக் குழந்தையை நோக்கி நகர்ந்து வந்திருக்கும் சரித்திரம் அது.

அந்தச் சரித்திரத்தின் முதல் ஏடு புனேயில் இல்லை. நம்முடைய காவிரிக் கரையில் இருக்கிறது. தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னரான இரண்டாம் சரபோஜி, பாலியத்தில் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் பயின்று மேல்நாட்டு சாஸ்திரங்களில் ருசிகண்டவர். அவர் தம் ஊரிலேயே தேவநாகரி அச்சுக்கூடம் ஒன்றை நிறுவி, ஈசாப்புக் கதைகளின் மராத்தி மொழிபெயர்ப்பைப் 'பாலபோத முக்தாவளி' என்ற பெயரில் 1806-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மராத்தியில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் அது ஒன்று. அதைவிட வியக்கத்தக்கது அவருடைய 'தேவேந்திர குறவஞ்சி'. குறவஞ்சி என்னும் தமிழ் நாடக வடிவத்தை எடுத்துக்கொண்டு, மலைவளமும் நாட்டுவளமும் பாடவேண்டிய குறத்தியின் வாயிலாக உலகத்தின் கண்டங்களையும் தேசங்களையும் மராத்தியில் வரிசையாக எடுத்துரைக்கச் செய்தார் அவர். பூகோளம் என்ற புதிய வித்தையை, மக்கள் ஏற்கெனவே ஆடியும் பாடியும் மகிழ்ந்த ஓர் உருவத்தில் வைத்துக் கொடுத்தால் அது அந்நியமாய் இராது என்பதை அந்த மன்னர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார். அறிவு நூல் சுவையாயிருக்க வேண்டும் என்ற எண்ணம் மேல்நாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கியது என்று கருதுவோர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

புனேயில் இந்த வேலை வேறொரு பாதையில் தொடங்கியது. பேஷ்வாக்களின் காலத்தில் ஆண்டுதோறும் சிராவண மாதத்தில், வேதத்திலும் சாஸ்திரத்திலும் வல்ல பிராமணர்களை நாடெங்கிலுமிருந்து வரவழைத்துத் தட்சிணை வழங்கும் வழக்கம் மிகுந்த விமரிசையுடன் நடைபெற்று வந்தது. 1818-இல் பேஷ்வாக்களின் ஆட்சி முடிவுற்றபோது, இந்த வழக்கத்தைச் சட்டென்று நிறுத்தினால் ஜனங்களின் மனம் புண்படும் என்று அஞ்சிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள், அந்த நிதியைக் குறைத்துத் தொடர்ந்ததோடு, அதன் ஒரு பகுதியைக் கொண்டு 1821-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி விஸ்ராம்பாக் வாடா என்னும் மாளிகையில் ஸம்ஸ்கிருத பாடசாலை ஒன்றை நிறுவினார்கள். அதன்பிறகு சுமார் முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு பெரிய மாறுதல் நேர்ந்தது. 'லோகஹிதவாதி' என்ற புனைபெயரில் தம் சமூகத்தின் குறைகளை அஞ்சாது எழுதிவந்தவரும், 1848-இல் புனேயின் பொது வாசகசாலை தோன்றக் காரணமாயிருந்தவருமான கோபால் ஹரி தேஷ்முக், தம் நண்பர்களுடன் சேர்ந்து அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொண்டார். தட்சிணை நிதியின் ஒரு பகுதியை, மராத்தியில் நல்ல நூல்களை எழுதுவோருக்கும் மொழிபெயர்ப்போருக்கும் பரிசாக அளிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். வைதிகர்களின் கடுங்கோபத்தையும் மீறி அந்தக் கோரிக்கை நிறைவேறியது. 1851-இல் தட்சிணைப் பரிசுக் குழு ஏற்பட்டது.

இதன் மகத்துவத்தை இன்று நாம் எளிதில் உணரமாட்டோம். பரம்பரை பரம்பரையாக ஒரு வகுப்பாரின் மனப்பாட வித்தைக்குச் சன்மானமாகப் போய்க்கொண்டிருந்த பணம், ஒரு நாட்டு பாஷையில் எல்லாரும் படிக்கத்தக்க நூல்களை உண்டாக்கும் பணமாக மாறிற்று. அந்தக் காலத்து எழுத்தாளர்களுள் முதன்மையானவரான கிருஷ்ணசாஸ்திரி சிப்லுண்கர், 1852-இல் சாக்ரடீஸின் சரித்திரத்தை மராத்தியில் தந்தார். 1861-இல், பல வித்தைகளின் மூலதத்துவங்களைச் சாமானியரும் அறியும்படி விளக்கும் 'அநேகவித்யா மூலதத்வ ஸங்கிரஹ'த்தை வெளியிட்டார். ஸம்ஸ்கிருதத்தில் துறைபோகிய ஒரு பண்டிதர், அந்தப் பாண்டித்தியத்தையே ஏணியாக்கி, இயற்கை சாஸ்திரத்தைத் தாய்மொழிக்குள் இறக்கிவைத்தார் என்பது மராத்திய உரைநடைக்கு வாய்த்த பாக்கியம்.

ஆயினும் குழு என்று ஒன்று ஏற்பட்டால், அந்தக் குழுவில் அமர்ந்திருப்பவர்களின் உலகமே நூல்களின் உலகமும் ஆகிவிடுகிறது. 1848-இல் பிடே வாடாவில் பெண்களுக்கென்று பள்ளி திறந்தவரும், தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளுக்குக் கல்வியின் கதவைத் திறந்துவிட்டவருமான ஜோதிராவ் புலே, 1855-இல் 'திருதீய ரத்னம்' என்னும் நாடகத்தை எழுதி அந்தக் குழுவின் முன் வைத்தார். புரோகிதனால் ஏமாற்றப்படும் ஓர் ஏழைக் குடியானவனும் அவன் மனைவியும் கல்வியின் அவசியத்தை உணர்ந்து முடிவில் பள்ளிக்குச் செல்லத் துணியும் வரலாறு அது. குழு அதை ஏற்கவில்லை. அது பிள்ளைகளுக்கான நூல் அல்ல என்பது உண்மைதான். எனினும் அந்த மறுப்பு, பிள்ளைகளின் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்க அமர்வோர் எவரும் மறக்கக்கூடாத பாடம். எந்தக் குழந்தையின் வீடும் தெருவும் பசியும் உழைப்பும் நம் அலமாரியிலுள்ள புத்தகங்களில் இடம்பெறவில்லையோ, அந்தக் குழந்தைக்குப் புத்தகம் என்பதே வேறு யாருக்கோ உரிய பொருளாகத் தோன்றிவிடும்.

இதே காலத்தில் பள்ளிப் புத்தகங்களுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் மேஜர் தாமஸ் காண்டி என்ற ஆங்கிலேயர். மராத்தி-ஆங்கில அகராதி தொகுத்த மோல்ஸ்வொர்த்துடன் சேர்ந்து அந்தப் பணியில் ஈடுபட்டவரும், புனே ஸம்ஸ்கிருத பாடசாலையின் தலைவராக விளங்கியவருமான அவர், அரசாங்கத்தின் மராத்தி மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பாடநூல்களின் வாசகத்தை வரிவரியாகத் திருத்தினார். மராத்தியில் நிறுத்தற்குறிகளை வழக்கத்துக்குக் கொண்டுவந்த பெருமையும் அவரைச் சாரும். மூச்சு விடும் இடம் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த வாக்கியங்களை வாசிக்கப் பழகும் சிறுவனுக்கு அது எத்தகைய உபகாரம் என்பதை ஆசிரியத் தொழில் செய்தோர் அறிவர். ஆனால் அந்தக் காலத்துப் பாடநூல்களின் நோக்கம் ஒழுக்கமும் சுத்தமான மொழியுமாகவே இருந்தது. பிள்ளை தானாக என்ன கேட்கும் என்று எவரும் நின்று யோசிக்கவில்லை.

அதை யோசித்தவர்கள் பத்திராசிரியர்களே. கல்வி இலாகாவில் பணிபுரிந்த விநாயக் கோண்ட்தேவ் ஓக், 1881-இல் பம்பாயில் 'பாலபோத்' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். ஒரு மகானின் சரித்திரம், ஒரு கவிதை, ஒரு கட்டுரை, ஒரு சாஸ்திர விஷயம் என்று அதன் பகுதிகள் வகுக்கப்பட்டிருந்தன. பாடநூல் ஒருமுறை அச்சானால் பல்லாண்டுகள் அப்படியே நிற்கும். பத்திரிகையோ மாதந்தோறும் தன்னைத் திருத்திக்கொண்டாக வேண்டும், ஏனெனில் வாசகன் அடுத்த மாதம் வராமல் போய்விடக்கூடும். அந்த அச்சமே பத்திராசிரியனை நல்ல ஆசிரியனாக்குகிறது. 1906-இல் வாசுதேவ் கோவிந்த் ஆப்டே தொடங்கிய 'ஆனந்த்' இதே மரபை இன்னும் இனிய வழியில் வளர்த்தது. அகராதி தொகுக்கும் அளவுக்குப் பாஷா ஞானம் படைத்த ஆப்டே, குழந்தைகளுக்கு எழுதும்போது அந்தப் பாரத்தையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு எழுதினார். பெயரிலேயே மகிழ்ச்சியை வைத்த அந்தப் பத்திரிகை, பிற்காலத்தில் கோபிநாத் தள்வல்கரின் நீண்டகால ஆசிரியத்துவத்தில் பல தலைமுறைகளின் பால்ய நண்பனாக விளங்கியது.

எழுத்தைப்போலவே சித்திரமும் அறிவைத் தரும் என்பதைப் புனே சீக்கிரமே அறிந்துகொண்டது. கிருஷ்ணசாஸ்திரியின் புதல்வரும் 'நிபந்தமாலா' பத்திரிகையின் ஆசிரியருமான விஷ்ணுசாஸ்திரி சிப்லுண்கர், நண்பர்களுடன் 1878-இல் சித்திரசாலா அச்சகத்தைத் தோற்றுவித்தார். அங்கிருந்து தெய்வங்களின் உருவங்களும் நானா பட்நவீஸ் போன்ற சரித்திர புருஷர்களின் உருவங்களும் வர்ணப் படங்களாக வெளிவந்து வீட்டுச் சுவர்களில் ஏறின. 1910-இல் தொடங்கிய 'சித்ரமய ஜகத்' என்னும் பத்திரிகை, உலக விஷயங்களைப் படங்களோடு வாசிக்கும் பழக்கத்தை மராத்திய இல்லங்களுக்குள் கொண்டுவந்தது. எழுத்தறியாத பாட்டியும் எழுத்துக்கூட்டும் பேரனும் ஒரே பக்கத்தைச் சேர்ந்து பார்த்துப் பேசிக்கொள்ள இடந்தருவது சித்திரந்தான். பிள்ளைகளின் அறிவு நூலில் படம் அலங்காரத்துக்காக வைக்கப்படுமானால் அது வீண். வாசகம் சொல்லாததைப் படம் சொல்ல வேண்டும், சொல்வதும் உண்மையாயிருக்க வேண்டும்.

இங்கே புனேயின் ஒரு வழக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் எந்தப் புத்தகம் எப்போது வேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சியம் எனக்குத் தெரியவில்லை. தீபாவளி நெருங்கும்போது அந்த நகரத்துப் பிள்ளைகள் வீட்டு முற்றங்களிலும் குடியிருப்புகளின் மூலைகளிலும் கல்லையும் மண்ணையும் குவித்துக் கோட்டை கட்டுகிறார்கள். 'கில்லா' என்று அதைச் சொல்வார்கள். சாக்குத் துணியும் செங்கல்லும் கொண்டு மலை எழும்பும். மண்ணைக் குழைத்து மதிலும் கொத்தளமும் படிக்கட்டும் வகுப்பார்கள். சரிவுகளில் கடுகு விதைத்துத் தண்ணீர் தெளித்துப் பசுமை உண்டாக்குவார்கள். உச்சியில் சிவாஜி மகாராஜாவின் மண்பொம்மையும், வழியெங்கும் அவருடைய மாவளி வீரர்களின் பொம்மைகளும் இடம்பெறும். சிலர் மனம்போனபடி ஒரு கோட்டையைக் கட்டுவார்கள். சிலரோ சிம்ஹகட்டையோ ராஜகட்டையோ உள்ளபடியே அமைக்க ஆசைப்படுவார்கள். அப்படி ஆசைப்பட்ட கணத்திலேயே கேள்விகள் பிறக்கின்றன: சிம்ஹகட்டின் புனே வாசல் எந்தப் பக்கம், கல்யாண் வாசல் எந்தப் பக்கம்? 1670-இல் அந்தக் கோட்டையைப் பிடிக்கச் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுஸரே ஏறிய செங்குத்தான பாறை எது? அவ்வளவு உயரத்தில் முற்றுகைக் காலத்தில் குடிதண்ணீருக்கு என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விகளோடு வரும் சிறுவனின் கையில் கோட்டைகளைப் பற்றிய ஒரு நல்ல நூலையும் வரைபடத்தையும் கொடுத்துப் பாருங்கள். பரீட்சைக்காகப் பத்து முறை படித்தும் நில்லாத சரித்திரம் ஒரே மாலையில் அவனுடைய சொந்தப் பொருளாகிவிடும். அந்தச் சிவாஜி 1677-இல் நம் செஞ்சிக் கோட்டையையும் கைப்பற்றினார்; செஞ்சியின் மூன்று மலைகளை மண்ணால் கட்டிப் பார்க்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கும் கிடைக்குமானால், தமிழ்நாட்டுக் கோட்டைகளைப் பற்றிய நூல்களை அவர்களே தேடிக்கொண்டு வருவார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் இந்தப் பணி மீண்டும் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. ஆனால் இம்முறை பழைய அநுபவம் பயன்பட்டது. மகாராஷ்டிர மாநிலத்தின் பாடநூல் ஸ்தாபனமான 'பாலபாரதி' 1967-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி புனேயில் நிறுவப்பட்டது. பாடநூலை மாத்திரம் அச்சிட்டுக் கொடுப்பதோடு கடமை தீர்ந்தது என்று கருதாமல், 1971-ஆம் ஆண்டு நவம்பரில் 'கிஷோர்' என்னும் மாதப் பத்திரிகையையும் அது தொடங்கியது. மராத்தியர்களின் வழக்கப்படி தீபாவளி மலராகவே அதன் முதல் இதழ் வெளிவந்தது. பாடநூல் எல்லாரும் படித்தே தீரவேண்டியது. அதற்குப் பக்கத்தில், படிக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் சிறிதுமில்லாத, விஞ்ஞானமும் சரித்திரமும் கதையும் கவிதையும் கலந்த ஒன்றையும் அதே ஸ்தாபனம் மலிவு விலையில் தரவேண்டும் என்று எண்ணியவர்களின் தீர்க்கதரிசனத்தை எவ்வளவு போற்றினாலும் தகும்.

இந்தச் சரித்திரத்தின் மிக அழகிய அத்தியாயம் இன்னும் பின்னால் வருகிறது. வானியல் அறிஞரான ஜயந்த் நார்லிகர், 1988-இல் புனே பல்கலைக்கழக வளாகத்தில் 'ஐயூகா' என்ற வானியல், வானியற்பியல் ஆராய்ச்சி மையத்தை நிறுவினார். உலகப் புகழ்பெற்ற அந்த அறிஞர், ஆராய்ச்சிக்கு இடையூறு என்று குழந்தைகளை வாசலில் நிறுத்திவிடவில்லை. மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமையன்று பள்ளி மாணவர்கள் அங்கே வந்து, நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய அரங்கில் அமர்ந்து, விஞ்ஞானிகளின் சொற்பொழிவுகளைக் கேட்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. கையொப்பம் கேட்டு மொய்க்கும் பிள்ளைகளிடம் அவர் ஒரு நிபந்தனை விதிப்பதுண்டு: ஓர் அஞ்சலட்டையில் ஒரு விஞ்ஞானக் கேள்வியை எழுதியனுப்ப வேண்டும், பதிலை எழுதி அதன் கீழ்க் கையொப்பமிட்டு அனுப்புவார். பெரியவர் ஒருவரின் பெயரைச் சேகரிக்க வந்த குழந்தை, ஒரு கேள்வியைத் தேடிக்கொண்டு வீடு திரும்பிற்று. மராத்தியில் விஞ்ஞானக் கதைகளும், வானத்தைப் பற்றிய 'ஆகாசாசி ஜடலே நாதே' போன்ற நூல்களும் அவர் எழுதினார். அவற்றின் தெளிவுக்கு இந்த அஞ்சலட்டைகளும் ஒரு காரணமாயிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். வாசகன் எங்கே தடுமாறுகிறான் என்பதை அவனுடைய கையெழுத்திலேயே வாசித்தறிந்தவர் அல்லவா! 2025-ஆம் ஆண்டு மே மாதம் புனேயிலேயே அவர் காலமானார்.

அதே மையத்தில், மராத்தியர்களின் அன்புக்குரிய எழுத்தாளரான பு. ல. தேஷ்பாண்டேயின் நினைவாகப் 'புலஸ்த்ய' என்று பெயரிடப்பட்ட கட்டடத்தில், குழந்தைகளுக்கான 'முக்தாங்கண்' விஞ்ஞானக் கூடம் உருவாயிற்று. 2014 வரை சுமார் பதினோராண்டுகள் அங்கே பணியாற்றியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்று, 1975-இல் பட்டம் பெற்று, புனேயின் டெல்கோ தொழிற்சாலையில் வேலைபார்த்து, விடுப்பெடுத்துக்கொண்டு ஹோஷங்காபாத்தில் கிராமப் பள்ளிகளின் விஞ்ஞானக் கல்வித் திட்டத்தில் சேர்ந்த அவர், பணக்கார உபகரணங்கள் இல்லாமலே விஞ்ஞானம் கற்பிக்க முடியும் என்று கண்டார். சைக்கிள் வால்வுக் குழாயைச் சிறு துண்டுகளாக வெட்டித் தீக்குச்சிகளை அவற்றால் இணைத்தால், நாற்கோணம் விரல் பட்டவுடன் சாய்ந்து போகிறது, முக்கோணம் அசையாமல் நிற்கிறது. பாலங்களிலும் கூரைச் சட்டங்களிலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் காரணம் ஏழு வயதுக் குழந்தைக்கும் கையாலேயே விளங்கிவிடுகிறது. 1987-இல் வெளிவந்த அவருடைய தீக்குச்சி மாதிரிகளைப் பற்றிய நூல் பல பாரத பாஷைகளில் பெயர்க்கப்பட்டது. தாம் எழுதியவற்றோடும் மொழிபெயர்த்தவற்றோடும் நில்லாமல், உலகமெங்குமுள்ள குழந்தைகளுக்கான ஆயிரக்கணக்கான நூல்களைத் தேடித் தொகுத்து, எவரும் எங்கிருந்தும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைத்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. தட்சிணைப் பரிசுக் குழு சில நூல்களைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளியது. இவரோ நல்லனவற்றையெல்லாம் திறந்துவைத்துவிட்டுத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமும் ஆசிரியர்களிடமும் ஒப்படைத்தார்.

நம் தமிழிலும் இத்தகைய முயற்சிகளுக்குக் குறைவில்லை. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' எந்த மொழியும் பெருமைகொள்ளத்தக்க சாதனை. 1987-இல் தோன்றிய 'துளிர்' என்னும் சிறுவர் பத்திரிகை விஞ்ஞானத்தைக் கிராமத்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டச் செய்தது. நூல்கள் இல்லை என்று நாம் சொல்லிக்கொள்ள நியாயமில்லை. தேர்ந்தெடுக்கும் முறையில்தான் நமக்குக் கவனம் போதவில்லை.

புனேயின் சரித்திரத்திலிருந்து அந்த முறையை நாம் கற்றுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்காக ஒரு நூலை எடுக்கும்போது, அது சொல்லும் செய்திகளின் எண்ணிக்கையைப் பாராமல், அவை எவ்வாறு கண்டறியப்பட்டன என்பதைச் சொல்கிறதா என்று பாருங்கள். கையால் செய்து பார்க்க ஏதேனும் ஒன்றைத் தருகிறதா, படங்கள் உண்மை பேசுகின்றனவா, உழைப்பாளியின் வீட்டுக் குழந்தைக்கும் அதில் தன் உலகம் தெரிகிறதா என்று பாருங்கள். நாட்டு மொழியில் மூச்சுவிட இடம் கொடுத்து எழுதப்பட்டிருக்கிறதா என்று உரக்க வாசித்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வாரத்தில் குழந்தை எதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறதோ, அந்த விஷயத்தைப் பற்றிய நூலையே முதலில் தேடுங்கள். குழந்தை கேளாத கேள்விக்கு விடையாக வரும் நூல் எவ்வளவு சிறந்ததானாலும் காத்திருக்கட்டும்.

இதை வீட்டளவில் செய்தால் போதாது. நம் பள்ளிகளிலும் கிளை நூலகங்களிலும் புத்தகம் வாங்கும் குழுக்களில், எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் சிலரையும் உட்காரச் செய்து, பட்டியலில் மூன்றில் ஒரு பங்கையேனும் அவர்களே முடிவுசெய்ய விடவேண்டும். அவர்கள் சில வேளைகளில் நம் கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் நூல்களைக் கேட்பார்கள், கேட்கட்டும். டைனோசாரைப் பற்றியோ, ரயில் எஞ்சினைப் பற்றியோ, பாம்பைப் பற்றியோ ஒரு குழந்தை தன் விருப்பத்தால் எடுத்துப் படித்து முடித்த முதல் அறிவு நூல், அந்தக் குழந்தை பின்னால் படிக்கப்போகும் நூறு நூல்களுக்கு வழிதிறக்கிறது. அந்த முதல் நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குழந்தைக்கே கொடுப்பது பெரியவர்கள் காட்டும் சலுகை என்று எண்ண வேண்டாம். இரண்டு நூற்றாண்டு அநுபவம் நமக்குக் கற்பித்திருக்கும் கடமை அது.